பச்சை இலையும் சிவப்புப் படமும்



இன்றைய அறிவியல் பேச்சில், பச்சை இலையைச் சிவப்பாகக் காட்டும் ஒரு படத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். வானூர்தியில் சென்று காட்டையும் வயலையும் ஆற்றையும் மேலிருந்து எடுக்கும் படம் அது. அந்தப் படத்தில் நலமாக இருக்கும் மரம் செக்கச் செவேலென்று தெரியும். நோயுற்ற மரம் வெளிறிக் கிடக்கும். தெளிந்த நீர் கறுப்பாக இருக்கும். யாரோ சாயம் பூசிவிட்டார்கள் என்றுகூட நினைக்கத் தோன்றும். யாரும் பூசவில்லை. நம் கண் காணாத ஓர் ஒளியை அந்தப் படம் கண்டு சொல்கிறது.

இதனால் நமக்கு என்ன பயன் என்று தாய்மார்கள் கேட்கலாம். தோட்டத்து வாழ்க்கை மரத்தோடு கட்டிய வாழ்க்கை. மரம் நோயுற்றால் குலை குறையும், பால் குறையும், மாதக் கடைசியில் கைக்கு வரும் சம்பளமும் குறையும். ஆகவே மரத்தின் நோயைக் காலத்தில் அறியும் வழி எதுவாயினும் அது நம் வீட்டுக் காரியந்தான். அந்த வழியால் என்ன முடியும், என்ன முடியாது என்ற இரண்டையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் ஒளியைப் பற்றிச் சில சொற்கள். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும்போது வானவில் தோன்றுகிறது. வெள்ளையாகத் தெரியும் வெயிலுக்குள் பல நிறங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை அது காட்டுகிறது. வில்லின் ஒரு விளிம்பில் ஊதா, மறு விளிம்பில் சிவப்பு. சிவப்போடு ஒளி முடிந்துவிடுகிறதா?

இல்லை என்று காட்டியவர் வில்லியம் ஹெர்ஷல். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த வானியல் அறிஞர் இவர். 1781ஆம் ஆண்டில் யுரேனஸ் என்னும் கோளைக் கண்டுபிடித்தவரும் இவரே. 1800ஆம் ஆண்டில் இவர் முப்பட்டைக் கண்ணாடியால் வெயிலை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துச் சூட்டை அளந்தார். சிவப்பைத் தாண்டி, நிறமே விழாத இடத்திலும் ஒன்றை வைத்துப் பார்த்தார். அங்கேதான் சூடு கூடுதலாக ஏறியது! கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் அங்கே விழுந்துகொண்டிருந்தன. அவற்றையே இன்று அகச்சிவப்புக் கதிர்கள் என்கிறோம்.

ஒளியை அளக்கும் அளவையும் சொல்லிவிடுவோம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுக்கு நானோமீட்டர் என்று பெயர். நம் கண் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி அலைகளைக் காணும். அதற்கு அப்பால் அகச்சிவப்பு தொடங்குகிறது. அதற்கென்று செய்த படச்சுருள் 900 நானோமீட்டர் வரை பதிவு செய்யும்.

கண்ணுக்குத் தெரியாத ஒளியை எப்படி நம்புவது என்று பிள்ளைகள் கேட்டால், வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தொலைக்காட்சியை இயக்கும் கையடக்கக் கருவியின் முனையில் ஒரு சிறு விளக்கு உண்டு. பொத்தானை அழுத்தினாலும் அது எரிவது நமக்குத் தெரியாது. அதே முனையைக் கைத்தொலைபேசியின் படக்கருவி வழியே பாருங்கள். பல தொலைபேசிகளில், சிறப்பாக முகத்தைப் பார்த்திருக்கும் படக்கருவியில், அது மினுக்கென்று ஒளிர்வது தெரியும். கண் காணாததைக் கருவி காண்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

இனி இலைக்கு வருவோம். இலை தன் உணவைச் சமைப்பதற்கு வெயிலிலுள்ள நீலத்தையும் சிவப்பையும் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. பச்சையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் இலை நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. ஆனால் சிவப்புக்கு அடுத்துள்ள அகச்சிவப்பை இலை உணவாக்குவதில்லை. தன்மேல் விழுவதில் ஏறக்குறைய பாதியை அப்படியே திருப்பி வீசிவிடுகிறது. நம் கண்ணுக்கு அந்த ஒளி தெரிந்தால், காடு முழுவதும் பளபளவென்று மின்னும்.

இலை இதை எப்படிச் செய்கிறது? துணி துவைக்கும்போது எழும் நுரையை நினைத்துக்கொள்ளுங்கள். சோப்பு நீர் தனியே வெள்ளையன்று, காற்றும் வெள்ளையன்று. இரண்டும் சின்னச் சின்னக் குமிழிகளாகக் கலந்ததும் ஒளி அங்குமிங்கும் மோதித் திரும்புகிறது. நுரை வெண்மையாகத் தெரிகிறது. இலையின் உட்புறமும் அப்படித்தான். நீர் நிறைந்த உயிரணுக்களும் இடையிடையே காற்று வெளிகளுமாக அது அமைந்திருக்கிறது. அகச்சிவப்பு ஒளி அதற்குள் மோதி மோதி வெளியே வந்துவிடுகிறது. இலை நோயுற்று உள்ளமைப்புச் சிதைந்தால், நுரை அடங்குவதுபோல இந்தத் திருப்பி வீசும் ஆற்றலும் குறைகிறது. பச்சையம் அழியும்போது, இலை எடுத்துக்கொள்ள வேண்டிய சிவப்பும் எடுபடாமல் திரும்புகிறது. ஆக, ஒன்று குறைய ஒன்று கூடுகிறது. இந்த இரண்டு குறிகளைத்தான் படம் பிடிக்கிறது.

1910ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்பியல் அறிஞர் ராபர்ட் உட் என்பவர் அகச்சிவப்பு ஒளியில் எடுத்த நிலக்காட்சிப் படங்களை வெளியிட்டார். கறுப்பு வெள்ளைப் படங்களான அவற்றில் மரங்களின் இலைகள் பனி மூடியவைபோல் வெண்மையாகத் தெரிந்தன.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. பீரங்கிகளை மறைக்கப் படைவீரர்கள் மரக்கிளைகளை வெட்டி மேலே போட்டார்கள். பச்சை வண்ணத் துணிகளை விரித்தார்கள். மேலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் பச்சைதான். இந்த ஏமாற்றை உடைப்பதற்காக அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் ஒரு வண்ணப் படச்சுருளைச் செய்தது. அதில் மூன்று அடுக்குகள் உண்டு. பச்சை ஒளி நீலமாகவும், சிவப்பு ஒளி பச்சையாகவும், அகச்சிவப்பு ஒளி சிவப்பாகவும் பதியும். நீல ஒளி உள்ளே நுழையாதபடி படக்கருவியின் முகப்பில் மஞ்சள் கண்ணாடி பொருத்துவார்கள். உயிருள்ள இலை இந்தப் படத்தில் சிவப்பாக விழும்; வெட்டி வாடிய கிளையும் பச்சைச் சாயத் துணியும் நீலமாகவோ மங்கலாகவோ விழும். பொய்ப் பச்சை எது, மெய்ப் பச்சை எது என்பது வெளியாகிவிடும்.

போர்க்களத்தில் பிறந்த இந்தக் கருவியைப் பயிர்க்களத்திற்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கோல்வெல். கோதுமை முதலிய தானியப் பயிர்களில் துருநோய் போன்ற நோய்களை ஆகாயப் படங்களால் கண்டறியலாம் என்று 1956ஆம் ஆண்டில் இவர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். ஒளிந்திருந்த பீரங்கியைக் காட்டிய படம், ஒளிந்திருந்த நோயைக் காட்டத் தொடங்கியது.

இந்த முறைக்கு வந்த பெரிய சோதனையை இப்போது பார்ப்போம். அது நடந்தது அமெரிக்காவின் சோள வயல்களில். அந்தக் கதையில் தோட்டத்து மக்களாகிய நாம் கவனிக்க வேண்டிய பொருள் நிறைய இருக்கிறது.

அமெரிக்காவில் கலப்பின விதைச் சோளம் உண்டாக்க, இரண்டு வகைச் சோளத்தை அடுத்தடுத்த வரிசைகளில் நடுவார்கள். தாய் வரிசைச் செடிகளின் உச்சியிலுள்ள ஆண் பூங்கொத்தை ஆட்கள் கையால் கிள்ளி எறிய வேண்டும். ஆயிரக்கணக்கானோர் கோடைக்காலத்தில் இந்த வேலைக்குப் போவார்கள். பிறகு டெக்சாசில் கண்டுபிடித்த ஒருவகைச் சோளத்தின் வழி, மகரந்தம் உண்டாகாத தாய்ச்செடிகள் கிடைத்தன. கிள்ளும் வேலையே வேண்டாம், கூலியும் மிச்சம். அதனால் விதை நிறுவனங்கள் அந்த வகையையே பெருக்கின. 1970ஆம் ஆண்டு வாக்கில் நாட்டின் கலப்பினச் சோளத்தில் ஏறக்குறைய 85 விழுக்காடு அந்த ஒரே வகையைச் சார்ந்திருந்தது.

அந்த வகையையே குறிபார்த்துத் தாக்கும் ஒரு பூஞ்சணம் அந்த ஆண்டில் பரவியது. தெற்கே தொடங்கிய இலைக்கருகல் நோய், காற்றிலும் மழையிலும் ஏறி வடக்கே சோள நாடு முழுவதும் புகுந்தது. ஆண்டு முடிவில் நாட்டின் சோள விளைச்சலில் ஏறக்குறைய 15 விழுக்காடு அழிந்துவிட்டது. சில வட்டாரங்களில் பாதிக்கு மேல் போயிற்று. எல்லாச் செடியும் ஒரே வகையாக இருந்ததால், ஒன்றைப் பிடித்த நோய் அனைத்தையும் பிடித்தது.

அடுத்த ஆண்டுக்கு நோய் தாங்கும் விதை போதிய அளவு இல்லை. மீண்டும் அழிவு வருமோ என்று விவசாயிகள் அஞ்சினார்கள். அந்த நிலையில் 1971ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாயத் துறையும், நாசா விண்வெளி நிறுவனமும், இந்தியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகமும், வேறு பல அமைப்புகளும் சேர்ந்து சோளக்கருகல் கண்காணிப்பு என்ற பெருஞ்சோதனையில் இறங்கின. ஏழு மாநிலங்களில் 200க்கும் மேற்பட்ட நிலப்பகுதிகளைத் தேர்ந்தார்கள். ஏறக்குறைய 60,000 அடி உயரத்தில், அதாவது 18 கிலோமீட்டருக்கு மேலே பறந்த வானூர்தி, பயிர்க்காலத்தில் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை அகச்சிவப்பு வண்ணப் படங்கள் எடுத்தது. பயிற்சி பெற்றவர்கள் அவற்றை வயல் வயலாகப் பார்த்து, நோயின் அளவைக் குறித்தார்கள்.

அவர்கள் படத்தை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வானூர்தி பறந்த அதே காலத்தில், விவசாய அலுவலர்கள் தேர்ந்தெடுத்த வயல்களுக்குள் நடந்து சென்று, செடிகளை இலை இலையாகப் புரட்டிப் பார்த்து நோய்க்கு மதிப்பெண் போட்டார்கள். மேலிருந்து பார்த்ததும் கீழிருந்து பார்த்ததும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்த பிறகே முடிவு சொன்னார்கள்.

முடிவு என்ன? நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ முற்றிய வயல்களைப் படம் நன்றாகவே பிரித்துக் காட்டியது. பரந்த நிலத்தைக் குறைந்த நாளில் பார்த்து முடிக்கவும் முடிந்தது. ஆனால் நோய் இலேசாகத் தொட்டிருந்த வயல்களைப் படத்தால் சரியாகக் காட்ட முடியவில்லை. இந்தக் கருகல் பெரும்பாலும் கீழ் இலைகளில் தொடங்கி மேலே ஏறும். மேலே பறக்கும் படக்கருவிக்குக் கீழ் இலை எப்படித் தெரியும்? வயலுக்குள் குனிந்து நடந்தவனுக்குத்தான் அது தெரிந்தது. நல்வேளையாக 1971இல் நோய் முந்திய ஆண்டைப்போல் கடுமையாக வரவில்லை. விதை நிறுவனங்கள் அந்த ஒரே வகையைக் கைவிட்டன. பூங்கொத்தைக் கையால் கிள்ளும் வேலை மறுபடியும் வந்தது.

அகச்சிவப்புப் படத்தின் பயன் பயிரோடு நிற்பதில்லை. நீர் இந்த ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. ஆகையால் தெளிந்த நீர்நிலை படத்தில் கறுப்பாகத் தெரியும். நிலமும் நீரும் சேரும் கரை கோடு கிழித்ததுபோல் விளங்கும். வெள்ளம் எதுவரை ஏறியது, சதுப்பு நிலம் எங்கே தொடங்குகிறது என்று கணக்கிட இது உதவும். சேறு கலந்த நீர் வெளிர்நீலமாகத் தெரியும். ஆகாயத்தாமரை மூடிய குளம், கறுப்பு நீரின்மேல் சிவப்புப் போர்வை விரித்ததுபோல் இருக்கும். அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டு முதல் 40,000 அடி உயரத்திலிருந்து நாடு முழுவதையும் இவ்வாறு படமெடுக்கும் திட்டம் நடந்தது. சதுப்பு நிலங்களைக் கணக்கெடுக்க அந்தப் படங்கள் பயன்பட்டன. அதே 1980களில் மேற்கு ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் காடுகள் நலிகின்றன என்ற கவலை எழுந்தபோது, மரங்களின் உச்சி எந்த அளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க இத்தகைய படங்களையே எடுத்தார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். அகச்சிவப்பு என்றாலே சூட்டைக் காட்டும் படம் என்று பலர் எண்ணுகிறார்கள். நாம் இதுவரை சொன்னது, வெயிலிலிருந்து வந்து இலையில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு. சூடான பொருள்கள் தாமே வெளிவிடும் அகச்சிவப்பு வேறு. அதன் அலை பல மடங்கு நீளமானது. அதைப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். 1997ஆம் ஆண்டிலும் 2015ஆம் ஆண்டிலும் நம் வட்டாரத்தைப் புகைமூட்டம் மூடியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தீப்பற்றிய இடங்களைத் துணைக்கோள்கள் வானிலிருந்து சுட்டுவது இந்த வெப்ப அகச்சிவப்பின் உதவியால்தான். மேகம் மூடினால் அதற்கும் கண் மறைந்துவிடும்.

துணைக்கோள் என்றதும், 1972ஆம் ஆண்டு ஜூலையில் ஏவப்பட்ட லேண்ட்சாட் வரிசையின் முதல் கோளைச் சொல்ல வேண்டும். படச்சுருள் இல்லாமல், பூமி திருப்பி அனுப்பும் ஒளியை எண்களாக அளந்து அது கீழே அனுப்பியது. இன்று படச்சுருளின் காலம் முடிந்துவிட்டது. சிறு ஆளில்லா வானூர்திகளில் பொருத்தும் மின்னணுப் படக்கருவிகளே இப்போது அந்த வேலையைச் செய்கின்றன.

எண்களை வைத்து இலையின் நலத்தை அறிவது, ஆறாம் ஆண்டு மாணவன் போடக்கூடிய கணக்குத்தான். இலை திருப்பி அனுப்பும் அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழிக்க வேண்டும். பிறகு இரண்டையும் கூட்ட வேண்டும். கழித்து வந்ததைக் கூட்டி வந்ததால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு நல்ல இலை அகச்சிவப்பில் 50 பங்கும் சிவப்பில் 5 பங்கும் திருப்பி அனுப்பினால், 45ஐ 55ஆல் வகுக்க ஏறக்குறைய 0.82 வரும். நோயுற்ற இலை 30 பங்கும் 15 பங்கும் அனுப்பினால், 15ஐ 45ஆல் வகுக்க ஏறக்குறைய 0.33 வரும். எண் ஒன்றை நெருங்க நெருங்கப் பசுமை மிகுதி என்று பொருள். பின்னமும் வகுத்தலும் எதற்கு என்று பிள்ளைகள் சலித்துக்கொண்டால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

இனி நம் செம்பனைக்கு வருவோம். கானோடெர்மா என்ற பூஞ்சணத்தால் அடித்தண்டு அழுகும் நோயைச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்வோர் அறிவார்கள். குருத்துகள் விரியாமல் ஒன்றுக்கு மேற்பட்டு நிற்பதும், மட்டைகள் ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்குவதும், அடியில் காளான் தட்டுத் தட்டாக வெளிவருவதும் அதன் அடையாளங்கள். துயரம் என்னவென்றால், இவை வெளியே தெரியும் நேரத்தில் தண்டின் உள்ளே பெரும்பகுதி அழுகிப்போயிருக்கும். ஆகவே அகச்சிவப்பின் உதவியால் முன்கூட்டியே அறிய முடியுமா என்று நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் வானூர்தி, ஆளில்லா வானூர்தி ஆகியவற்றைக் கொண்டு முயன்று வருகிறார்கள்.

ஆனால் ஒரு மரம் படத்தில் வெளிறித் தெரிந்தால் அது கானோடெர்மாதான் என்று சொல்லிவிட முடியாது. உரம் போதாவிட்டாலும் மரம் வெளிறும். வேரில் நீர் தேங்கினாலும் வெளிறும். நீண்ட வறட்சியிலும் வெளிறும். தாய் பிள்ளையின் முகவாட்டத்தைக் கண்டால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள், சாப்பிட்டானா என்று கேட்கிறாள், பிறகுதான் காரணம் தெரிகிறது. படம் முகவாட்டத்தைக் காட்டும். காரணத்தை அறிய ஒருவர் அந்த மரத்தடிக்குப் போக வேண்டும்.

அங்கே போகிறவர் யார்? அன்றாடம் அந்த நிரையில் நடக்கிறவர். எந்த மரத்தில் சென்ற மாதம் எத்தனை குலை வெட்டினோம், எந்தக் கால்வாய் அடைத்துக்கொண்டு நிற்கிறது, எந்த மூலையில் மழைநீர் வடியாமல் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். 18 கிலோமீட்டர் உயரத்தில் பறந்த வானூர்திக்கும் வயலில் நடந்தவரின் சாட்சியம் தேவைப்பட்டது. இன்று பறக்கும் சிறு வானூர்திக்கும் அது தேவைதான்.

நேயர்களே, புதிய கருவி தோட்டத்திற்கு வரும்போது, இனி நம் கண்ணுக்கு வேலையில்லை என்று சிலர் மனம் சோர்வதுண்டு. இது எல்லாவற்றையும் கண்டுவிடும் என்று வேறு சிலர் வாய் பிளப்பதும் உண்டு. இரண்டும் வேண்டாம். பல நூறு ஏக்கரில் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதை விரைவில் சொல்வது கருவியின் பலம். அங்கே உள்ளது என்ன என்பதைச் சொல்வது பழகிய கண்ணின் பலம். சோள வயல் நமக்குச் சொல்லும் பாடமும் அதுவே. ஒரே வகைச் செடியை நம்பியதால் வந்த ஆபத்தை ஒரே வகைப் பார்வையால் தடுக்க முடியவில்லை.

ஆகவே வேலைக்குப் போகிறவர்கள், இலை நிறம் மாறியதையோ குருத்து விரியாததையோ கண்டால், அதனாலென்ன என்று கடந்து போகாதீர்கள். எந்த நிரை, எத்தனையாவது மரம், எந்த நாளில் கண்டோம் என்று குறித்து மண்டோரிடம் சொல்லுங்கள். மறுமுறை போகும்போது அதே மரத்தைப் பாருங்கள். நாளும் இடமும் குறித்த ஒரு வரி, ஆராய்ச்சியாளருக்கு ஆகாயப் படத்தைப்போலவே பயன்படும் சான்று.

பெற்றோர்களே, பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்கள். படத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு மரத்தைத் தெரியாமல் போகலாம்; மரத்தைத் தெரிந்தவனுக்குப் படத்தைப் படிக்கத் தெரியாமல் போகலாம். மரத்தடியில் வளர்ந்த நம் பிள்ளைகள் ஒன்றை ஏற்கெனவே அறிவார்கள். மற்றொன்றைக் கணக்கும் அறிவியலும் கற்றுப் பெற்றுக்கொள்ளலாம். இரண்டும் தெரிந்தவர்கள் தோட்டத்திற்கும் நாட்டிற்கும் தேவை. அந்த இடத்திற்கு நம் பிள்ளைகள் வர வேண்டும் என்பதே எங்களைப் போன்ற ஆசிரியர்களின் விருப்பம்.